கடுமை என்று அங்கே சொன்னால்

எங்கள் கோயில் அம்மாளை நினைத்துக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். இது எழுதிப் பழகாத கை. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை செய்த நிலையத்தில் இப்போது ஆங்கிலம் படிப்பிக்கிற இரண்டு பிள்ளைகள் போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். நான் கோயிலால் வந்து விளக்கு வைத்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி குடித்தபடி மூத்தவள் சொன்னாள்.

"ரீச்சர், இப்ப வகுப்புக்கு வாற ஆக்கள் எங்கக்கிட்டப் பொருள் கேக்கிறல்ல. போனைத் தூக்கிக் காட்டினா அது தமிழ்ல சொல்லுது. நாங்க அங்க என்னத்துக்கு நிக்கிறம் எண்டு விளங்குதில்ல."

"நீங்க இத்தனை வருசம் அங்க என்ன செஞ்சீங்க எண்டு எழுதித் தாங்களன் ரீச்சர். நிலையத்து மலர்ல போடுவம்" என்றாள் இளையவள்.

போனோடு எனக்குக் கோபம் இல்லை. விடியப்புறம் எனக்குத் தேவாரம் பாடுகிறதே அதுதான். ஆனாலும் பிள்ளைகள் கேட்ட கேள்வி மனதில் கிடந்தது.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுவிட்டது. ஆங்கிலம் மட்டும் ஏதோ நன்றாக வந்தது. அதை என் கெட்டித்தனம் என்று சொல்லமாட்டேன், அம்மாள் போட்ட பிச்சை. பிறகு கலியாணம், இரண்டு பிள்ளைகள், இவருக்கு வயல் வட்டைக்குள் சோறு கொண்டுபோகிறது என்று காலம் போயிற்று. பிள்ளைகள் வளர்ந்தபின், களுவாஞ்சிக்குடியில் வளர்ந்த ஆட்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற நிலையம் ஒன்று தொடங்கினார்கள். கதவு திறந்து, கூட்டி, வரவு எடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று போனேன். அங்கே மிஸ் இருந்தா.

மிஸ் பேர்ல் என்று பெயர். மட்டக்களப்பு ரவுணில் பறங்கிக் குடும்பம். வீட்டில் அவர்களுக்குள் போர்த்துக்கீசம், எங்களோடு நல்ல மட்டக்களப்புத் தமிழ், கரும்பலகைக்கு முன்னால் ஆங்கிலம். பூப்போட்ட கவுணும் கறுப்புக் குடையுமாக பஸ்ஸால் இறங்கி வருவா. வந்ததும் கரும்பலகையை ஒருமுறை துடைப்பா. நான் ஏற்கெனவே துடைத்து வைத்திருப்பேன். அது தெரிந்தும் துடைப்பா. வகுப்பு முடியும்வரை கதிரையில் இருக்கமாட்டா.

அவவின் ஒரு குணத்தை நான் வேறு யாரிடமும் காணவில்லை. யாராவது பிழை விட்டால் அவர் முகத்தைப் பார்க்கமாட்டா. யன்னலால் வெளியே, தென்னைமரத்தில் ஏதோ இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நிற்பா. அந்த ஆள் தானாகத் திருத்திச் சொன்னபிறகுதான் திரும்புவா. வந்தவர்களெல்லாம் பேரப்பிள்ளை கண்ட ஆட்கள், தோணி வலிக்கிறவர்கள், ஹோட்டலில் துணி தோய்க்கிற பெண்கள். அவர்கள் அத்தனை வயதில் வெட்கப்படாமல் வாய் திறந்தது அந்த யன்னல் புண்ணியத்தில்தான்.

ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண்ணுக்கு நான் ஏதோ விளங்கப்படுத்திக்கொண்டு நின்றதை மிஸ் கேட்டிருக்கிறா. அடுத்த நாளே என்னைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தா. "நான் சொல்றன், நீங்க விளங்கப்படுத்துங்க" என்றா. அப்படித்தான் நான் ரீச்சர் ஆனேன். அதற்கு வேறு பயிற்சி ஒன்றும் இல்லை.

வேலை செய்யும் முறையை மட்டும் கடுமையாகப் பழக்கினா. ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழ்ச் சொல்லை எழுத விடமாட்டா. முதலில் கேள்வி கேட்கவேண்டும். இதை யார் சொல்றது? யாருக்குச் சொல்றது? எந்த முகத்தோடு சொல்றது? மூன்றுக்கும் வகுப்பு பதில் சொன்னபிறகு, இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் உங்கள் ஊரில் என்ன சொல்லுவீர்கள் என்று கேட்கவேண்டும். அப்போது அவர்கள் வாயால் வருவதுதான் பொருள். நாங்களாகச் சொல்லக்கூடாது.

ஆரையம்பதியில் இருந்து கனகசபை அண்ணன் வருவார். வாவிக்கரையில் வெள்ளைக்காரர் தங்கும் ஒரு விடுதியில் சமையல். 'ஹெல்ப் யுவர்செல்ஃப்' என்று சாப்பாட்டு மேசையில் எழுதி வைத்திருக்கிறார்களாம். அதைக் கேட்டுக்கொண்டு வந்தார். அகராதி பார்த்த ஒரு பெடியன் உனக்கு நீயே உதவி செய் என்று சொல்லிப்போட்டான். அண்ணனுக்குக் கோபம்.

"வந்த ஆளைப் பாத்து நீயே எடுத்துத் தின்னு எண்டு சொல்றதா மிஸ்? எங்கட ஊட்டில அப்பிடிச் சொன்னா அண்டைக்கே உறவு அறுந்திரும்!"

"யார் சொல்றது அண்ணன்?"

"ஊட்டுக்காரன்."

"எந்த முகத்தோட?"

அண்ணன் யோசித்துவிட்டு, கடன்காரனை விரட்டுகிற முகத்தோடு சொல்லிக் காட்டினார். வகுப்பு விழுந்து சிரித்தது. மிஸ் யன்னலைப் பார்த்தா. பிறகு அவரை எழுப்பி, மேசையில் இருந்த என்னுடைய வாழைப்பழச் சீப்பைக் காட்டி, கையை விரித்துச் சொல்லச் சொன்னா. அண்ணன் விரித்தார். விரித்த கையோடு, கேட்காமலே அவர் வாயில் வந்தது: "கூச்சப்படாம எடுங்க, நம்மட ஊடுதானே."

"அதுதான்" என்றா மிஸ். அன்றைக்குப் பழச் சீப்பு முழுக்க முடிந்தது.

இன்னொரு நாள் 'பிரேக் எ லெக்'. மேடை ஏறப்போகிறவனை வாழ்த்துகிற சொல் என்றதும் பெண்கள் எல்லாரும் ஒரே சத்தம். "நல்லதுக்குப் போறவனைப் பாத்துக் காலை முறிச்சுக்கோ எண்டு சொல்ற சனமா மிஸ் அது? சிவசிவா!" எனக்கும் உள்ளுக்குள் சங்கடந்தான். கெட்ட சொல்லை நாவில் எடுக்காதே என்று வளர்ந்தவர்கள் நாங்கள். மிஸ் சிரித்துக்கொண்டு, "வடிவான புள்ளைக்குக் கன்னத்தில கரியைப் பூசிறது ஆரு? நீங்கதானே? அது கோபத்திலயா பூசிறீங்க?" என்று கேட்டா. சத்தம் அடங்கிற்று. கண்ணூறு படுகிற பயம் அவர்களுக்கும் இருக்குது என்று ஒரு பெண் ஆச்சரியமாகச் சொன்னாள்.

பிறகு மிஸ் மகளோடு அவுஸ்திரேலியா போய்விட்டா. போகும்போது குடையை எனக்குத் தந்துவிட்டுப் போனா. அழவில்லை, நான்தான் அழுதேன். அதற்குப் பிறகு வகுப்பை நானே நடத்தினேன், ஓய்வு பெறும்வரை.

அந்தக் காலத்தில் வந்தவள்தான் மகேஸ்வரி. செட்டிபாளையம். நாற்பது வயது கடந்திருக்கும். புருசன் கடலில் போனவர், திரும்பவில்லை. ஒரே மகன் ரூபன், கப்பலில் வேலை. அவள் ஒரு விடுதியில் துணி தோய்த்துக்கொண்டு, அறை கேட்டு வருகிறவர்களோடு நாலு சொல் பேசவேண்டும் என்று வகுப்புக்கு வந்தாள். படிப்பு மெதுவாகத்தான் ஏறும். ஆனால் வகுப்பில் எல்லாரையும் சிரிக்க வைப்பாள். "ரீச்சர், இங்கிலீசு என்ட வாய்க்குள்ள வரும், பல்லைக் கண்டுத்துப் பயந்து திரும்பிப் போயிரும்" என்பாள்.

ரூபனின் கப்பல் இங்கிலாந்துப் பக்கம் நின்றபோது அவனுக்குக் காய்ச்சல் கண்டு, நெஞ்சில் சளி கட்டி, அங்கே ஒரு துறைமுகப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார்கள். கப்பல்காரர் ஆஸ்பத்திரி நம்பரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த ஊரில் தமிழ் ஆட்கள் இருந்திருப்பார்கள். எங்களுக்கு ஒருவரையும் தெரியாது.

ஒருநாள் பின்னேரம் நான் சந்தையால் வந்துகொண்டிருந்தேன். ஆட்டோக்காரத் தம்பி நிறுத்தி, "ரீச்சர், மகேஸ் அக்காட மகன் தவறித்தானாம்" என்றான். அப்படியே அந்த ஆட்டோவில் ஏறிப் போனேன்.

வீட்டு வளவுக்குள் சனம். ஆலயச் சபையில் இருந்து கதிரை வந்து இறங்கியிருந்தது. பெண்கள் வெள்ளைச் சீலையோடு வந்திருந்தார்கள். பிரேதத்தை இங்கே கொண்டுவர ஆருக்கு எழுதவேண்டும் என்று இரண்டு பேர் கதைத்துக்கொண்டு நின்றார்கள். மகேஸ்வரியின் தமையன் செல்வராசா வேலியோரம் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அவர் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர், ஆஸ்பத்திரிக்குப் பேசியது அவர்தான்.

"அண்ணன், என்ன சொன்னவங்க?"

"கடுமையாம் ரீச்சர்."

"அவங்கட வாயால என்ன சொன்னவங்க? அப்படியே சொல்லுங்க."

"'கிரிட்டிக்கல்' எண்டு சொன்னா அந்த நேர்ஸ். 'பட் ஸ்டேபிள்' எண்டும் சொன்னா. அது சும்மா ஆறுதலுக்கு. நமக்குத் தெரியாதா?"

அவர் சொன்ன பொருள் பிழை இல்லை. கிரிட்டிக்கல் என்றால் கடுமைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் கடுமை என்ற சொல்லுக்கு ஒரு வேலை இருக்கிறது. தூரத்தில் இருக்கிற ஆளுக்குச் சாவுச் செய்தியைச் சாவு என்று நாங்கள் சொல்லமாட்டோம். கேட்ட இடத்தில் விழுந்துவிடுவார்கள், வழியில் ஏதும் நடந்துவிடும் என்று ஒரு பயம், ஓர் இரக்கம். கொஞ்சம் கடுமையாக் கிடக்கு, ஒருக்கா வந்துத்துப் போ என்போம். என் அப்பா போனபோது தம்பி எனக்கும் அப்படித்தான் சொன்னான். நான் பஸ்ஸில் ஏறி இருந்ததும் தலையில் இருந்த பூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். சொன்னவனுக்கும் தெரியும், கேட்டவளுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்.

அதனால் அந்த நேர்ஸ் சொன்னதையும் வளவு முழுக்க அப்படித்தான் எடுத்தது. உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் எடுத்தேன்.

உள்ளே மகேஸ்வரி சுவரோடு சாய்ந்து இருந்தாள். அழவில்லை. என்னைக் கண்டதும் கேட்டாள்.

"ரீச்சர், நீங்களும் கடுமையெண்டு சொல்லத்தான் வந்தீங்களா?"

பக்கத்தில் இருந்து அவள் கையைப் பிடித்தேன். மனதுக்குள் அம்மாளே, அம்மாளே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மிஸ்ஸின் கேள்வி வந்தது. இதை யார் சொல்றது?

"மகேஸ், இஞ்ச பார். இதைச் சொன்னது உன்ட அண்ணன் இல்ல. அந்த நாட்டில பிறந்த ஒரு நேர்ஸ். அவளுக்கு எங்கட வழக்கம் தெரியாது. அவங்கட ஆஸ்பத்திரியில கடுமை எண்டா கடுமைதான். அதுக்கு அங்கால ஒண்டும் இல்ல. ஸ்டேபிள் எண்டு சொன்னது ஆறுதலுக்கு இல்ல. கூடவும் இல்ல, குறையவும் இல்ல, அப்படியே நிக்கிறான் எண்டு சொல்லியிருக்கா."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க சொல்றது பொருள் ரீச்சர். நான் கேக்கிறது என்ட புள்ளய."

"அப்ப நான் போன் எடுத்துக் கேட்டுச் சொல்லட்டா?"

"நீங்க கேட்டா நீங்களும் மறைப்பீங்க."

அது கோபத்தில் சொன்னது இல்லை. நான் அவளுக்கு வேண்டிய ஆள் என்பதால் சொன்னது. அவளில் அன்பு வைத்த ஒருவர் வாயையும் அன்றைக்கு அவள் நம்ப முடியாது. தமையன் மறைப்பார், மச்சாள் மறைப்பாள், நானும் மறைப்பேன். மறைக்கத் தெரியாத ஒரே ஆள் அந்த நேர்ஸ்தான். அவளிடம் மகேஸ்வரிதான் கேட்கவேண்டும், அதுவும் ஆங்கிலத்தில்.

நான் மெல்ல, "'இஸ் ஹீ அலைவ்' எண்டு மட்டும் கேட்டாக் காணும், வேற வேண்டாம்" என்று சொல்லி, உயிரோடு இருக்கிறானா என்ற அதன் பொருளையும் சொன்னேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"சீ! பெத்த வாயால அதைக் கேக்கிறதா? கேட்ட வாய் அழுகிப் போகாதா?"

இருந்த பெண்களும் வேண்டாம் புள்ள, வேண்டாம் என்றார்கள். நான் கட்டாயப்படுத்தவில்லை. கெட்ட சொல்லை நாவில் எடுக்கச் சொல்ல எனக்கும் துணிவு இல்லை. எங்கள் வேலையில் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆளை இழுக்கக்கூடாது. ஆளிடம் கேட்கவேண்டும்.

"சரி, அதை விடு. உனக்கு இப்ப என்ன வேணும்? அதைச் சொல்லு."

வாசலால் வெளியே கிடந்த கதிரைகளைப் பார்த்தாள். பிறகு, "அவன்ட மூச்சுக் கேட்டாக் காணும்" என்றாள்.

"வாகா, ஒழும்பு" என்று அவளை எழுப்பினேன்.

'ஐ ஆம் ஹிஸ் மதர். ப்ளீஸ் டேக் த போன் டு ஹிம்.' நான் தாய், போனை அவனிடம் கொண்டுபோங்கள் என்று கேட்க இதைத்தான் கொடுத்தேன். வெளியே ஒப்பாரி எழும்ப இருந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அடுக்களை வாசலில் நின்று பாடம் எடுத்தோம். யார் சொல்றது? தாய். யாருக்கு? நேர்ஸுக்கு. எந்த முகத்தோட? அதற்கு அவள் கொஞ்சம் யோசித்தாள். "அவவும் ஆரோ பெத்த புள்ளதானே" என்றாள். ஐந்தாறு தரம் சொன்னாள். ஒருதரம் ப்ளீஸ் விழுந்துபோகும், ஒருதரம் மதர் விழுந்துபோகும். நான் முற்றத்துத் தென்னையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் பார்க்காமல் நின்றால்தான் அவளுக்கு வந்தது.

எங்களுக்குப் பொழுது சாய்கிற நேரம், அங்கே பகல். செல்வராசா அண்ணன் நம்பரை அழுத்திக் கொடுத்தார். வளவு முழுக்க வாயை மூடிற்று. மகேஸ்வரி போனைக் காதோடு ஒட்டிப் பிடித்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் வந்தது.

"ஐ மதர்" என்றாள் மகேஸ்வரி. "ரூபன்... ரூபன் மதர்." அவ்வளவுதான், பழகியதெல்லாம் போய்விட்டது. என்னைப் பார்த்தாள். நான் வாயசைக்கப்போனேன். அதற்குள் அவளே, "போன். ஹிம். ப்ளீஸ், மகள், ப்ளீஸ்" என்றாள்.

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. காத்துக்கொண்டிருந்தோம். செருப்புச் சத்தம் மாதிரி ஏதோ கேட்குது என்று அவள் கைச்சாடை காட்டினாள். பிறகு கண்ணை மூடினாள்.

"மனே" என்றாள். "மனே, அம்மா கதைக்கன். கேக்குதா?"

பதில் வந்ததாக அவள் முகத்தில் தெரியவில்லை. ஆனால் போனை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு போனை என் காதில் வைத்தாள். ஏதோ மெசின் ஒரு அளவாகச் சத்தம் போட்டது. அதோடு சேராமல், அதற்குப் பிந்தி, சளி கரகரக்க ஒரு மூச்சு. இழுத்தது. நின்றது. எனக்கு உயிர் போய்வந்தது. விட்டது. திரும்பவும் இழுத்தது.

நான் போனைத் தமையனின் காதில் வைத்தேன். அந்த மனிசன் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

திரும்ப மகேஸ்வரி வாங்கியபோது நேர்ஸ் பேசினா, நானும் காதைச் சேர்த்து வைத்துக் கேட்டேன். மகேஸ்வரி ஓம், ஓம் என்று தமிழில் தலையாட்டிக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள். "'டுமாரோ' எண்டு சொல்றா ரீச்சர். நாளைக்குத்தானே?"

"நாளைக்குத்தான். இந்த நேரத்துக்கே எடுக்கட்டாம்."

"நாளைக்கும் இருப்பான் எண்டுதானே சொல்றா?"

நான் அதற்குப் பொருள் சொல்லவில்லை. எந்த நேர்ஸும் அப்படி வாக்குத் தரமாட்டா. "நாளைக்கும் போனை அவனிட்டக் கொண்டுபோறன் எண்டு சொல்றா" என்றேன். அது உண்மை. அவளுக்கு அது போதுமாக இருந்தது. அப்போதுதான் அழுதாள்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் கேக்க ஒண்டு சொல்லித் தாங்க" என்றாள்.

"என்ன கேக்கப்போறாய்?"

"என்ன கேக்கிறது? சாப்பிட்டானா எண்டுதான்."

அவன் மூக்கில் குழாய் இருக்கும், வாயால் சாப்பிடமாட்டான் என்று எனக்குத் தெரியும். அந்த நாட்டில் தாய்மார் இதை முதல் கேள்வியாகக் கேட்கமாட்டார்கள் என்றும் தெரியும். ஆனாலும் "'ஹேஸ் ஹீ ஈட்டன்'" என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் சொன்னாள். வெள்ளைச் சீலையோடு இழவுக்கு வந்த மாமிமாரும் மச்சாள்மாரும் சுற்றி இருந்து, அவளோடு சேர்ந்து மெல்லச் சொல்லிப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் நான் எடுத்த வகுப்புகளில் இத்தனை பேர் ஒரே வாயாகச் சொன்னது அங்கேதான்.

அடுத்த நாள் கேட்டாள். இல்லை என்றாவாம் நேர்ஸ். அதற்கு அடுத்த நாளும் கேட்டாள், அதே பதில். அவள் விடவில்லை, ஒவ்வொரு பின்னேரமும் அதே கேள்வி. இடையில் ஒரு தரம் நேர்ஸ் 'ஹீ இஸ் ஹோல்டிங் ஹிஸ் ஓன்' என்று சொன்னாவாம். என்னிடம் ஓடி வந்தாள். விட்டுக்கொடுக்காமத் தாக்குப்பிடிக்கிறான் என்று பொருள் வருகிறவரைக்கும் கேள்வி கேட்டேன். நான் வெள்ளிக்கிழமைகளில் அம்மாளுக்கு அவன் பெயரில் ஒரு விளக்கு வைத்தேன்.

பிறகு ஒருநாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்றாள். ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கிற்று. நான் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "என்ன மகேஸ்? என்ன சொன்னவங்க? பொருள் தெரியலயா?" என்று கேட்டேன்.

"'யெஸ்' எண்டு சொன்னா ரீச்சர். 'எ லிட்டில் சூப்' எண்டு சொன்னா" என்றாள். "பொருள் கேக்க வரல்ல. சொல்லித்துப் போகத்தான் வந்தன்."